சும்மா இருந்தால் படகு

என் அப்பா சும்மா இருப்பதாக முடிவெடுத்தார். இதைக் கேட்டதும் அம்மா சிரித்த சிரிப்பில் காபி மூக்கு வழியாக வந்துவிட்டது.

இது நடந்தது ஹெல்சிங்கி விமான நிலையத்தில். பிப்ரவரி மாதம். பனிச்சறுக்கு விடுமுறைக்கு நாடே வடக்கு நோக்கி ஏறிக்கொண்டிருக்க, நாங்கள் மூன்று பேர் மட்டும் தாய்லாந்தில் கோ லந்தா என்கிற தீவுக்குப் போகக் காத்திருந்தோம். எதற்கு? ஓய்வெடுக்க. அதில்தான் சிக்கல்.

அப்பா இல்போ, இமாத்ரா காகித ஆலையில் மெக்கானிக். உடைந்த பொருளைப் பார்த்தால் அவருக்குக் கை நமைக்கும். உடையாத பொருளைப் பார்த்தால் சந்தேகம் வரும். போன வருடம் கனாரித் தீவுக்கு இதே மாதிரி ஓய்வெடுக்கப் போனோம். முதலில் எங்கள் அறையின் பால்கனிக் கதவைச் சரிசெய்தார். அப்புறம் பக்கத்து அறைக் கதவு. அப்புறம் லிஃப்ட். கடைசியில், யார் என்ன புகார் சொன்னாலும் வரவேற்பில் இருந்த பெண் நேராக எங்கள் அறைக்குத்தான் போன் போட்டாள். நாங்கள் ஊருக்குக் கிளம்பியபோது அந்த ஓட்டல்காரர்கள் கண்கலங்கினார்கள். இன்னும் நாலு குழாய் பாக்கி இருந்ததாம்.

"இந்தத் தடவை ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டேன்" என்றார் அப்பா.

"தொட்டா?" என்றாள் அம்மா.

"தொட மாட்டேன்."

"தொட்டா என்னன்னு கேட்டேன்."

அம்மா மெர்விக்கு அதே ஆலையில் தொழிற்சங்க வேலை. முதலாளிகளிடம் பேச்சுவார்த்தை நடத்துகிறவள். அவள் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தால், எதிரில் இருக்கிறவருக்குச் சட்டைக் காலர் இறுகும். இப்போது கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"ஒரு வாரம் நீ சும்மா இருந்து காட்டு. அந்த அலுமினியப் படகு, மோட்டாரோட, வாங்கிக்கலாம். நான் வாயே திறக்க மாட்டேன்."

அப்பாவின் கண் பளபளத்தது. அந்தப் படகின் படத்தை வெட்டி எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று வருடமாக ஒட்டி வைத்திருக்கிறார். காலையில் பால் எடுக்கப் போனால் என் முகத்தைப் பார்க்கும் முன் அதைத்தான் பார்ப்பார்.

"ஆனா எதையாவது ரிப்பேர் பண்ணினே, அடுத்த வாரத்துலேர்ந்து வியாழக்கிழமைதோறும் என்கூட டாங்கோ வகுப்பு. வசந்தம் முடியற வரைக்கும்."

பளபளப்பு அணைந்தது. எங்கள் நாட்டில் டாங்கோ என்றால் சிரிக்காமல் ஆட வேண்டும். அப்பாவுக்குச் சிரிக்காமல் இருப்பது ஒரு பிரச்சினையே இல்லை. ஆடுவதுதான் பிரச்சினை.

"சரி" என்றார். "ஆனா சந்தேகமெல்லாம் செல்லாது. கையும் களவுமாப் பிடிக்கணும். இல்லேன்னா நானே என் வாயால ஒத்துக்கணும்."

அந்த வருடத்தில் அப்பா பேசிய மிக நீளமான பேச்சு அது. வாயால் ஒத்துக்கொள்வதா? அவர் வாய் சாப்பாட்டுக்கே யோசித்துத்தான் திறக்கும். அப்பா அப்போதே மனசுக்குள் படகில் ஏறி மோட்டாரைக் கிளப்பிவிட்டார்.

நடுவர் நான். பெயர் ஸெல்மா, வயது பதினாறு. இரண்டு தரப்பிலும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு, யார் பக்கமும் சாயாத நேர்மையான நடுவர்.

"முதல்ல பையைக் காட்டு" என்றாள் அம்மா.

கம்பளிக் காலுறைக்குள்ளிருந்து ஒரு மடக்குக் கத்தி வந்தது. கேமரா உறைக்குள்ளிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவர். பல் தேய்க்கிற டப்பாவிலிருந்து ஒரு குட்டி ஸ்பேனர்.

"இது எதுக்கு?"

"பல் குத்த."

"ஸ்பேனரா?"

"பின்னாடிப் பல்லு."

மூன்றும் அம்மாவின் கைப்பைக்குள் போய், அங்கிருந்து விமான நிலைய லாக்கருக்குள் போயின. அப்பா அந்த லாக்கர் கதவை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். "கீல் சரியில்ல" என்று முணுமுணுத்தார். நான் காதில் விழாத மாதிரி இருந்தேன்.

*

கோ லந்தாவில் அப்பா ஓய்வெடுத்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆலையில் காலை ஷிப்டுக்குப் போகிற நேரத்துக்கு எழுந்து, காலுறை மாட்டி, நேராகக் கடற்கரைக்குப் போய், தென்னை மரத்தடியில் கிடந்த சாய்வு நாற்காலியில் படுப்பார். கை இரண்டும் பக்கவாட்டில் ஒட்டி இருக்கும். கண் வானத்தில். பல் கடித்தபடி. காயப்போட்ட மீன்கூட அதைவிடத் தளர்வாக இருக்கும். மதியத்துக்குள் வெயில் அவரை நண்டு நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

"எப்படிப்பா இருக்கு?"

"ம்."

அப்பாவிடம் ஐந்தாறு வகை 'ம்' உண்டு. மூக்கால் வந்தால் ஆமாம். தொண்டையால் வந்தால் இல்லை. மூச்சை உள்ளே இழுத்தபடி வந்தால் மனம் நெகிழ்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அதை நான் பிறந்த அன்று ஒரு தடவை சொன்னாராம். இப்போது வந்தது வயிற்றிலிருந்து. அதற்கு அர்த்தம், 'இந்த நாற்காலியின் இடது கால் ஆடுகிறது, நான் செத்துக்கொண்டிருக்கிறேன்.'

அம்மா சும்மா இருப்பாளா? காலைச் சாப்பாட்டுக்கு, அத்தனை மேசை காலியாக இருக்க, ஆடுகிற மேசையாகத் தேடிப் பிடித்தாள். உட்கார்ந்ததும் முழங்கையை ஊன்றினாள். மேசை சாய்ந்தது. காபி அப்பா பக்கம் ஓடியது. முழங்கையை எடுத்தாள். காபி திரும்பி வந்தது.

"கடல்ல போற மாதிரி இருக்கில்ல?" என்றாள்.

"ம்."

"ஒரு காகிதத்தை மடிச்சு அந்தக் காலுக்கு அடியில வெச்சாப் போதும். ஒரு நிமிஷ வேலை. ஆனா நீதான் ஓய்வுல இருக்கியே."

அப்பா பன்னைப் பிய்த்தார். மேசை ஆடுவது திடீரென்று நின்றது. நான் குனிந்து பார்த்தேன். முழங்காலால் மேசையைத் தாங்கிப் பிடித்திருந்தார். நெற்றியில் வியர்வை.

"நடுவர் என்ன சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"முழங்கால் கருவி இல்ல. அனுமதி உண்டு."

அப்பா எனக்கு ஒரு மாம்பழ ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

அடுத்தது குளியலறைக் குழாய். இரவெல்லாம் டொக், டொக். அம்மா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரித் தூங்கினாள். காலையில் பார்த்தால் குழாய் சத்தமில்லாமல் இருக்கிறது.

"தானா நின்னுடுச்சா?"

"களைச்சுப் போயிருக்கும்" என்றார் அப்பா.

அம்மா குழாயைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். சாட்சி இல்லை. அப்பா அன்று காலைத் தென்னை மரத்தடிக்கு விசிலடித்துக்கொண்டே போனார்.

எங்கள் பக்கத்துக் குடிலில் டோர்ஸ்டன் என்று ஒரு ஸ்வீடன்காரர். ஓய்வு பெற்ற தபால்காரர். பேச்சே தாலாட்டு மாதிரி ஏறி இறங்கும். எதைச் சொன்னாலும் ஊரைக் கூட்டி சம்மதம் கேட்பது போலத்தான் முடிப்பார்.

"இன்னிக்குக் கடல் ரொம்ப அமைதியாஆ இருக்கு, இல்லையாஆ?"

அப்பாவால் அந்த 'இல்லையாஆ'வைத் தாங்கவே முடியாது.

"அவர் நல்லவர்தானேப்பா" என்றேன்.

"நல்லவன்தான். ஆனா ஸ்வீடன்காரன்கிட்ட ரெண்டு விஷயத்துல தோக்கக் கூடாது. ஒண்ணு ஐஸ் ஹாக்கி."

"இன்னொண்ணு?"

"மத்ததெல்லாம்."

*

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதி வாரம் தாண்டியாகிவிட்டது. படகுக்குப் பெயர்கூட யோசித்துவிட்டார். அப்போதுதான் அந்தப் பலகை கண்ணில் பட்டது.

மசாஜ் குடிசைக்குப் பின்னால் ஒரு சின்ன மர அறை. வாசலில் 'சவுனா' என்று எழுதியிருந்தது. அடுப்பில் கல்லைச் சுட வைத்து, அதன் மேல் தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் வியர்க்க வியர்க்க உட்காருகிற அறை.

வெளியே வெயில் முதுகை உரிக்கும்போது சூடான அறைக்குள் போய் எதற்கு உட்கார வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் யாரிடமும் அப்படிக் கேட்டுவிடாதீர்கள். வெயில் வேறு, சவுனா வேறு. அப்பா சனிக்கிழமை சவுனாவுக்குப் போகாமல் இருந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அன்று அவருக்குக் கல்யாணம். அதையும் ஞாயிற்றுக்கிழமை ஈடுகட்டிவிட்டார்.

"சும்மா பாத்துட்டு வரேன்" என்று உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். நண்டு நிறம் போய் மைதா நிறம் வந்திருந்தது.

"என்னப்பா ஆச்சு?"

"அது சவுனா இல்ல. அலமாரி."

"சூடா இல்லையா?"

"நம்ம காலை நேரக் கஞ்சி அதைவிடச் சூடு. உள்ள ஒருத்தன் ஷூவோட உக்காந்து பேப்பர் படிக்கிறான். புல்லாங்குழல் பாட்டு ஓடுது. அடுப்பைக் கம்பி வலைக்குள்ள பூட்டி வெச்சிருக்காங்க." என் பக்கம் குனிந்தார். "சுவத்துல எழுதியிருக்கு, ஸெல்மா. கல்லு மேல தண்ணி ஊத்தக் கூடாதாம்."

"சரி, விடு."

"அது நம்ம நாட்டு அடுப்பு. பக்கத்துல சின்னதா பேர் போட்டிருக்கு. அங்கேர்ந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்து, கூண்டுல போட்டு, தண்ணிகூடக் குடுக்காம வெச்சிருக்காங்க."

வெளிநாட்டுச் சிறையில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். ராத்திரி சாப்பாட்டில் கை வைக்கவில்லை. படகைப் பற்றியும் பேசவில்லை.

"என்ன ஆச்சு உங்கப்பாவுக்கு?" என்றாள் அம்மா.

"வெயில்" என்றேன்.

அம்மா கண்ணைச் சுருக்கினாள். "நாளைக்கு எனக்கு மசாஜ். ரொம்ப நேரம் ஆகும். எழுந்து வர மதியமாயிடும்" என்று யாரும் கேட்காமலே அறிவித்தாள்.

மறுநாள் அவள் மசாஜ் குடிசைக்குள் நுழைந்த மறு நொடி அப்பா தென்னை மரத்தடியில் இல்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தால், சவுனா வாசலில் சாப்பாட்டு அறையிலிருந்து எடுத்த வெண்ணெய்க் கத்தியோடு நிற்கிறார்.

"அப்பா, நான் நடுவர்."

"ரெண்டு ஐஸ்கிரீம்."

"நடுவர் கடல் பக்கம் திரும்பி நிக்கிறாங்க."

திரும்பி நின்றேன். ஆனால் கழுத்து என் பேச்சைக் கேட்கவில்லை. வெண்ணெய்க் கத்தியால் கம்பி வலையைக் கழற்றினார். கற்களையெல்லாம் கீழே இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, காற்றுப் போக இடம் விட்டு மறுபடி அடுக்கினார். பீர்ப் பெட்டிகளைக் கொண்டுவந்து பெஞ்சைக் கூரைக்குப் பக்கத்தில் தூக்கினார். கண்கூசும் விளக்கின் மேல் துண்டைப் போட்டார். கதவுக்கடியில் இருந்த சந்தில் தன் ரப்பர்ச் செருப்பைச் செருகினார். புல்லாங்குழலின் வயரைப் பிடுங்கினார். எச்சரிக்கைப் பலகையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். சூட்டை ஏற்றினார். இத்தனையும் செய்தபோது அவர் முகத்தில் ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து இல்லாத நிம்மதி. ஓய்வு என்றால் இதுதான் போலிருக்கிறது.

அப்புறம் வாளியோடும் சூப் கரண்டியோடும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உஸ்ஸ் என்று கல் சீறியது. அதைத் தொடர்ந்து அப்பாவின் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ஆஹ்ஹ்."

அம்மா மசாஜ் முடிந்து வந்தபோது அப்பா தென்னை மரத்தடியில், கை பக்கவாட்டில் ஒட்டியபடி, படுத்திருந்தார். செருப்பு மட்டும் ஒரு காலில் இல்லை.

"எப்படி இருந்துது மசாஜ்?" என்று அவரே கேட்டார். அங்கேயே நான் பயந்துவிட்டேன். அப்பா தானாகக் கேள்வி கேட்கிற வழக்கம் இல்லை.

"சுகம்" என்றாள் அம்மா. "காதுக்கும் சேத்து."

*

மறுநாள் முழுக்க ரிசார்ட்டில் சவுனா பேச்சுதான். பேப்பர் படித்த ஆள் ஷூவைக் கழற்றிவிட்டாராம். ஒரு டச்சு அம்மாள், இருபது வருட இடுப்புவலி போய்விட்டது என்று எல்லாரிடமும் இடுப்பைக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ஒன்றும் அறியாதவர் மாதிரிக் கடலைப் பார்த்தார். மூக்கு நுனி மட்டும் பெருமையில் லேசாகத் தூக்கியிருந்தது.

அன்று இரவு கடற்கரையில் மீன் சுட்டார்கள். எல்லாரும் ஒரே நீள மேசையில். ரிசார்ட் பெண்கள் ஒரு பூமாலை கொண்டுவந்தார்கள். நேராக டோர்ஸ்டன் கழுத்தில் போட்டார்கள்.

அப்பாவின் முட்கரண்டி நின்றது.

"எதுக்கு மாலை?"

"உனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. "சவுனாவைச் சரிபண்ணினது டோர்ஸ்டன்தானாம். என்ன கை பாரு அவருக்கு."

"அட, அது ஒரு சின்ன வேலைங்க" என்று டோர்ஸ்டன் தாலாட்டினார். "கண்ணுல பட்டுது, செஞ்சேன். மனுஷனுக்கு மனுஷன் உதவிதானேஏ, இல்லையாஆ?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.

"அந்த ஆவி எப்படி அவ்வளவு மெதுவா இறங்குது?" என்று டச்சு அம்மாள் கேட்டாள்.

"கல்லை நெருக்கி அடுக்கணும்ங்க. ஈ நுழையக் கூடாது. செங்கல் சுவர் மாதிரி."

அப்பாவின் கழுத்து காலரிலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது. மீனை மென்றார். முள்ளோடு மென்றார்.

"நம்ம ஊர்ல யாருக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியுது?" என்றாள் அம்மா பெருமூச்சோடு. "சும்மா சவுனா சவுனான்னு பேச்சுதான்."

"தண்ணி ஊத்தறதுலயும் ஒரு கணக்கு இருக்குங்க" என்றார் டோர்ஸ்டன். "ஒரே ஒரு ஸ்பூன். அதுல ஒரு சொட்டு எலுமிச்சை எண்ணெய்."

"ஸ்பூனா?" என்றார் அப்பா. குரல் கீச்சென்று வந்தது.

"உனக்கென்ன, நீ சாப்பிடு" என்றாள் அம்மா. "ஓய்வுல இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?"

அப்பா தண்ணீர் குடித்தார். இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கண் மூடினார். உதடு அசைந்தது. 'படகு, படகு' என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. அவர் சமாளித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

அப்போது ரிசார்ட் பெண்கள் ஒரு பையில் இருந்து பலகை ஒன்றை எடுத்தார்கள். சவுனா வாசலில் மாட்டப் போகிற பலகை. ஸ்வீடன் கொடி மாதிரி நீலமும் மஞ்சளுமாய்ப் பெயின்ட் அடித்து, அழகாக எழுதியிருந்தது: 'ஸ்வீடன் சவுனா.'

டோர்ஸ்டன் எழுந்து நெஞ்சில் கை வைத்தார். "நன்றிங்க. எங்க நாட்டுல ஆயிரம் வருஷமா இருக்கிற கலை. பக்கத்து நாட்டுக்காரங்களுக்கும் நாங்கதான் சொல்லிக் குடுத்தோம். அவங்களும் ஓரளவு கத்துக்கிட்டாங்க, இல்லையாஆ இல்போ?"

அப்பா எழுந்தார். நாற்காலி பின்னால் மணலில் விழுந்தது.

"கல்லை நெருக்கி அடுக்கினா காத்து எப்படிய்யா போகும்?" என்றார். "நான்தான் அடுக்கினேன். இடம் விட்டு அடுக்கினேன். வலையை வெண்ணெய்க் கத்தியால நான்தான் கழட்டினேன். பெஞ்சுக்குப் பீர்ப் பெட்டி வெச்சது நான். கதவுக்கடியில இருக்கிறது என் செருப்பு, போய்ப் பாரு, நாப்பத்தஞ்சாம் நம்பர். ஸ்பூனாம், எலுமிச்சையாம். குழாயையும் நான்தான் நிறுத்தினேன். சாப்பாட்டு அறையில இப்ப ஒரு மேசையாவது ஆடுதா? ஆடாது. எல்லாத்துக்கும் அடியில நான் இருக்கேன்."

அம்மா காகிதத் துண்டால் வாயைத் துடைத்தாள். மடித்து வைத்தாள். "நடுவர்?"

"வாயால ஒத்துக்கிட்டாரு" என்றேன். "கேக்காததையும் சேத்து."

டோர்ஸ்டன் தன் மாலையைக் கழற்றி அப்பா கழுத்தில் போட்டார். "மன்னிக்கணும் இல்போ. எனக்கு பல்பு மாத்தக்கூடத் தெரியாதுங்க. உங்க மனைவிதான் எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. அந்த ஆயிரம் வருஷத்தை மட்டும் நானா சேத்துக்கிட்டேன். கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு, இல்லையாஆ?"

அப்பா மெதுவாக அம்மா பக்கம் திரும்பினார். "எப்படித் தெரிஞ்சுது?"

"மசாஜ் குடிசைக்கும் சவுனாவுக்கும் நடுவுல ஒரு மூங்கில் தட்டிதான் இருக்கு. தண்ணி ஊத்தினதும் 'ஆஹ்ஹ்'னு ஒரு சத்தம். கல்யாணமானதுலேர்ந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கேக்கிற சத்தம். மசாஜ் பண்ணின அம்மா பயந்து கையை எடுத்துட்டாங்க. நான் சொன்னேன், பயப்படாதீங்க, அது என் வீட்டுக்காரர் ஓய்வெடுக்கிற சத்தம்."

மேசையே சிரித்தது. அப்பா மட்டும் நாற்காலியை நிமிர்த்தி, அதன் காலை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். இனிமேல் எதற்கு ஒளிவுமறைவு? நீலமும் மஞ்சளுமான பலகையை யாரோ அவர் கையில் கொடுத்தார்கள். அதைத் தலைகீழாகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். தூரத்தில் மீன்பிடிப் படகுகளின் பச்சை விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன.

"டாங்கோ சரி" என்றார். "வாக்குன்னா வாக்குதான். ஆனா படகு போச்சே, மெர்வி."

"எங்க போச்சு?" என்றாள் அம்மா, மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே. "ஜனவரியிலயே வாங்கியாச்சு. என் பேர்ல இருக்கு. நீ ஒழுங்கா ஆடக் கத்துக்கிட்டா, ஒரு ஓரமா ஏத்திக்கிறேன்."